குதிரை லாயத்தில் ஒரு சமையலறை

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனை வளாகத்துக்குள், கல்லால் கட்டிய பழைய குதிரை லாயம் ஒன்று உண்டு. குதிரைகள் போய்ப் பல காலம் ஆன பிறகு, 1990களின் தொடக்கத்தில், அது எவருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்தது. 1996 நவம்பரில் அதே நான்கு சுவருக்குள் புற்றுநோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வந்து உட்காரவும், பேசவும், தேநீர் குடிக்கவும், வேண்டுமானால் அழவும் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு ‘மேகிஸ் சென்டர்’ என்று பெயர். பிரிட்டனில் இன்று 20க்கும் மேற்பட்ட ஊர்களில் அதே பெயரில் இல்லங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் புதிதாக எழுப்பியவை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அச்சு, இந்த லாயத்தில் வார்த்ததுதான்.

லாயம் நிற்கும் வளாகத்துக்கே ஒரு முன்கதை உண்டு. 1868இல் அங்கே திறக்கப்பட்டது மருத்துவமனை அல்ல. செயின்ட் கத்பர்ட் திருச்சபை வட்டாரத்தின் ஏழையர் விடுதி. வேலையில்லாதவர், முதியவர், நோயாளி, கைவிடப்பட்டவர் எல்லோரையும் ஒரே கூரைக்குள் அடைத்து வைத்து, சோறு போட்டு, வேலையும் வாங்கிய இடம். இரக்கத்துக்கும் தண்டனைக்கும் நடுவில் நின்ற இத்தகைய விடுதிகளை விக்டோரியா காலத்து பிரிட்டன் ஊருக்கு ஊர் கட்டியது. முதல் உலகப்போரில் இந்த வளாகம் படைவீரர் மருத்துவமனையானது. பிறகு நகராட்சியின் கைக்கு வந்தது. 1948இல் தேசிய மருத்துவச் சேவையோடு சேர்ந்தது. விடுதியின் மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு காலத்திலும் புதுப் பிரிவு ஒன்று முளைக்க, பழைய கட்டடங்கள் சந்துபொந்துகளில் ஒதுங்கிப்போயின. எந்தப் பெரிய மருத்துவமனை வளாகத்திலும் இதுதான் நடக்கும்.

இந்த லாயத்தை ஒருவர் கண்டு நின்றதற்குக் காரணம், அவருடைய உடம்பில் இருந்த நோய். மேகி கெஸ்விக் 1941இல் பிறந்தவர். எழுத்தாளர், தோட்டக் கலைஞர். கிழக்காசிய வணிகத்தில் பேர்போன ஸ்காட்டியக் குடும்பத்துப் பெண். சீனத் தோட்டங்களைப் பற்றி 1978இல் அவர் எழுதிய நூலை அத்துறையினர் இன்றும் மதிக்கிறார்கள். கணவர் சார்ல்ஸ் ஜெங்க்ஸ், பின்நவீனத்துவக் கட்டடக் கலை என்ற பேச்சை உலகமெங்கும் பரப்பிய விமர்சகர். 1988இல் மேகிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. 1993இல் அது எலும்பிலும் ஈரலிலும் திரும்பி வந்தது. இன்னும் எவ்வளவு காலம் என்று கணவனும் மனைவியும் கேட்டார்கள். இரண்டு மூன்று மாதம் என்று பதில் வந்தது. அடுத்த நோயாளி காத்திருந்ததால் அவர்கள் அறையைவிட்டு எழுந்து வெளியே வர வேண்டியிருந்தது. அந்தச் செய்தியோடு அவர்கள் உட்கார்ந்த இடம், ஜன்னல் இல்லாத ஒரு நடைவழி.

சொன்ன மருத்துவரிடமோ செவிலியரிடமோ குற்றம் காண்பதில் மேகிக்கு நாட்டமில்லை. அவர் கவனித்தது இடத்தை. மேலே பளீரென்ற குழல்விளக்கு, சுவரோரம் வரிசையாக நாற்காலி, வெளியைக் காட்டாத சுவர்: தன் சாவைப் பற்றி அப்போதுதான் கேட்டறிந்த ஒருவரை உட்கார வைக்க இப்படி ஓர் இடமா என்ற கேள்வி அவரை விடவில்லை. எடின்பரோவில் புதிய கீமோதெரபி முறை ஒன்றின் சோதனையில் சேர்ந்தார். சொல்லப்பட்ட மாதங்களைத் தாண்டி 1995 ஜூலை வரை வாழ்ந்தார். கிடைத்த அந்தக் காலத்தில் நோயாளியின் பார்வையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். தன்னைக் கவனித்துக்கொண்ட புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் லாரா லீயோடு சேர்ந்து, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே மருத்துவமனையல்லாத ஓர் இடம் வேண்டும் என்று திட்டம் தீட்டினார். அதற்கான இடமாக அமைந்தது லாயம். திறப்பு விழாவுக்கு அவர் இல்லை. லாரா லீ செவிலியர் வேலையை விட்டுவிட்டு, இல்லத்தை நடத்தும் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

லாயம் என்ற கட்டட வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடையாது. ஆனால் மறுவாழ்வு கொடுப்பதற்கு அதைப்போல் வசதியான கட்டடம் குறைவு. சுவர் கனமானது, குதிரை உதைத்தாலும் அசையாதபடி கட்டியது. உள்ளே நீளமான ஒரே வெளி. மேலே வைக்கோல் அடுக்கும் பரண் இருக்கும் என்பதால் இரண்டு தளத்துக்குப் போதுமான உயரம். வண்டி நுழைய அகன்ற வாசல். பூவேலை, சித்திரம், பளிங்கு போன்று தொட்டால் கெட்டுவிடும் எதுவும் பெரும்பாலும் இல்லை. அளவும் மனிதர் அளவு: ஒரு வீட்டைவிடச் சற்றுப் பெரியது, ஒரு மருத்துவமனைப் பிரிவைவிட மிகச் சிறியது. மேகி கேட்ட இடத்துக்கு இந்த அளவு சரியாகப் பொருந்தியது. இது தற்செயல், ஆனால் நல்ல தற்செயல். மாளிகை ஒன்று கிடைத்திருந்தால் அங்கே வரவேற்பு மேசையும் நடைவழியும் அலுவலகமும் தாமாகவே முளைத்திருக்கும்.

லாயத்துக்கே உரிய சிக்கலும் உண்டு. ஆளில்லாத எந்தக் கட்டடமும் கூரையிலிருந்துதான் சாகத் தொடங்கும். ஒரு ஸ்லேட் ஓடு நழுவும், அல்லது கூரை விளிம்பின் தண்ணீர்த் தாரையில் இலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சுவரின் நடுவுக்குள் இறங்கும். காற்றோட்டமில்லாத ஈர மரத்தில் பூஞ்சை பிடித்து, உத்திரத்தின் நுனி, சுவருக்குள் புதைந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாவாக உதிரும். லாயத்தில் இதோடு இன்னொன்றும் சேரும். பல ஆண்டுகள் குதிரைச் சாணமும் மூத்திரமும் ஊறியதால் சுவரின் அடிப்பகுதியில் நைட்ரேட் உப்புகள் ஏறியிருக்கும். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கூரையைச் சரிசெய்து, தரையைச் சரிசெய்து, சுவர் காய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுப் பூச்சுப் பூசினால், மழைக்காலத்தில் அதே இடத்தில் ஈரத்திட்டு தெரியும். பூச்சு பொரிந்து விழும்.

பழைய கல்சுவர்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெருங்கேடு சிமெண்ட். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். கல்லைவிடக் காரை மென்மையானது என்பதால் ஈரமும் உப்பும் காரை வழியாக வெளியேறும். தேய்வது காரை, பிழைப்பது கல். சில பத்தாண்டுக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் போதும். கல்லிடுக்கில் சிமெண்ட் பூசினால் கணக்குத் தலைகீழாகும். ஈரம் கல் வழியாக வெளியேற முயலும். எடின்பரோ போன்ற குளிர்நாட்டு நகரத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது மணற்கல்லின் முகம் ஏடு ஏடாக உரியும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்த தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் அறிந்திருந்த இந்தச் செய்தியை, இருபதாம் நூற்றாண்டுப் பொறியியல் ஐரோப்பாவிலும் மறந்தது. பிறகு பெரும் செலவு செய்து மீண்டும் கற்றுக்கொண்டது.

லாயத்தை மாற்றியமைக்கும் பொறுப்பை ஏற்றவர் எடின்பரோக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மர்ஃபி. அவரிடம் இந்த வேலை போனதன் பொருத்தத்தைப் புரிந்துகொள்ள இத்தாலியின் வெரோனா நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே காஸ்டெல்வெக்கியோ என்ற பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டை, படைமுகாமாகவும் பிறகு அருங்காட்சியகமாகவும் இருந்து வந்தது. 1958 முதல் 1964 வரை முக்கியமான கட்டங்களாகவும், அதற்குப் பிறகு விட்டு விட்டும், கார்லோ ஸ்கார்பா என்ற கட்டடக் கலைஞர் அதைத் திருத்தியமைத்தார். பழையதைப் போலப் புதியதைச் செய்து யாரையும் ஏமாற்றவில்லை. புதுத் தரையைப் பழைய சுவரில் முட்டவிடாமல் ஓர் இடைவெளிவிட்டு நிறுத்தினார். புது இரும்பு, புது மரம், புதுக் காங்கிரீட் ஒவ்வொன்றும் தான் புதியது என்று சொல்லிக்கொண்டே பழைய கல்லின் பக்கத்தில் நின்றது. இந்தக் கோட்டையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து 1990இல் ஒரு நூலாக்கியவர் மர்ஃபி. அந்தப் படிப்பு முடிந்த சில ஆண்டுகளில், கோட்டையிடம் கற்றதை ஒரு லாயத்தில் செய்துபார்க்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

பழைய கட்டடத்தை என்ன செய்வது என்பதில் ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. பிரான்ஸில் வியோலே-லெ-டுக் போன்றவர்கள், கட்டடம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி முழுமையாக்குவதே மீட்டெடுப்பு என்றார்கள்; அப்படியொரு நிலையில் அது ஒருபோதும் இருந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கட்சி. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் இதைப் பொய் என்றார். அவர் வழிவந்த வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, தொடர்ந்து பழுதுபார்த்தால் போதும், அழகுபடுத்த வேண்டாம் என்று வாதாடினார். 1964இல் உருவான வெனிஸ் சாசனம் இந்த வழக்கில் பெரும்பாலும் மோரிஸ் பக்கம் சாய்ந்தது: புதிதாகச் சேர்ப்பது புதியதென்று தெரிய வேண்டும். சமூகத்துக்குப் பயனுள்ள வேலை ஒன்றைக் கொடுத்தால் பழங்கட்டடம் பிழைப்பது எளிது என்றும், அந்த வேலைக்காகக் கட்டடத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்றும் அதே சாசனம் சொல்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது சாசனம் எழுதியவர்கள் நினைத்ததைவிடக் கடினம். பயன் என்ற ஒன்று வந்துவிட்டால் கழிப்பறை வேண்டும், வெந்நீர் வேண்டும், சூடேற்றும் குழாய் வேண்டும், தீ பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

மர்ஃபியின் தீர்வு, கட்டடத்துக்குள் ஒரு கட்டடம். கல்லாலான வெளிக்கூட்டை நிறுத்திக்கொண்டு, இரும்பும் மரமும் கண்ணாடியும் கொண்ட புதிய அமைப்பை உள்ளே செருகினார். இப்படிச் செய்யும்போது பழைய சுவர் புதுத் தளத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. உப்பேறிய பழஞ்சுவரில் எதையும் ஒட்டாமல் விலகி நிற்பதால், லாயம் போன்ற கட்டடங்களில் சுவருக்கு மூச்சுவிட இடமும் கிடைக்கும். பிற்காலத்தில் யாருக்காவது வேண்டாமென்று பட்டால் உள்ளமைப்பைக் கழற்றிவிடலாம். கல்கூடு அப்படியே இருக்கும். நடுவில் மாடிப்படி. அதன் மேல் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கிக் கீழ்த்தளம் வரை வருகிறது. அறைகளுக்கு நடுவே தள்ளுகதவுகள்: மூடினால் இருவர் அந்தரங்கமாகப் பேசும் அறை, திறந்தால் பத்துப் பதினைந்து பேர் கூடும் கூடம். நடைவழி என்ற ஒன்றே இல்லை. மேகி உட்கார்ந்த அந்த நடைவழிக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் எதிர்ப்படுவது சமையலறை. வரவேற்பு மேசையும் இல்லை, டோக்கனும் இல்லை. தமிழ் வீடுகளில் தெருவிலிருந்து வருபவர் முதலில் திண்ணையில் உட்காருவார். வீட்டுக்குள் வந்தவராகவும் இல்லை, தெருவில் நிற்பவராகவும் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். லாயத்துச் சமையலறை அந்தத் திண்ணையின் வேலையைச் செய்கிறது. வருபவர் தான் யார், என்ன நோய், எந்தக் கட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டால், பேச்சில்லாமல் நிற்பதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நோயாளிக்கு நோயாளி பேசுவது இங்கேதான் நடக்கிறது. நிபுணர் சொல்லிப் புரியாத ஒன்று, முடி கொட்டிப்போன இன்னொருவர் சொல்லும்போது புரிந்துவிடுவதுண்டு.

லாயத்தில் சரிவந்ததை அமைப்பு பிறகு எழுத்தில் வடித்தது. புதிய இல்லம் கட்டும் கலைஞர்களிடம் கொடுக்கும் குறிப்பு அது. வழக்கமான கட்டடக் குறிப்பில் சதுர அடியும் குழாய் எண்ணிக்கையும் இருக்கும். இதில் இருப்பது, வருகிறவர் எப்படி உணர வேண்டும் என்பது. வாசல் சட்டென்று தெரிய வேண்டும். தயங்கி நிற்பவரை விரட்டக் கூடாது. வெளிச்சம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேண்டும். எந்த அறையிலிருந்தும் மரமோ வானமோ கண்ணில் பட வேண்டும். சமையலறை மேசையைச் சுற்றி ஒரு டஜன் பேர் உட்கார முடிய வேண்டும். கழிப்பறை, அடியிலும் மேலும் இடைவெளிவிட்டுத் தடுத்த வரிசைக் கூண்டுகளாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனி அறையாக, உள்ளேயே கண்ணாடியும் கைகழுவும் தொட்டியும் கொண்டதாக இருக்க வேண்டும். உள்ளே போய் அழுதவர் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல் வெளியே வர இதுதான் வழி. கட்டடக் கலை நூல்கள் கூரை வளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்தக் கழிப்பறைப் பத்தி அளவுக்கு மனித வாழ்க்கை தெரிந்த வரி அவற்றில் அபூர்வம்.

இதற்கெல்லாம் சான்று உண்டா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி காட்டப்படுகிறது. பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்தார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர் 23 பேர். அவர்களோடு வயதும் மற்ற நிலைகளும் ஒத்து, செங்கல் சுவரை மட்டும் பார்த்தபடி படுத்திருந்தவர் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணியும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆய்வு சிறியது, பித்தப்பை அறுவைச் சிகிச்சை புற்றுநோய்ச் சிகிச்சையும் அல்ல. ஜெங்க்ஸ்கூடக் கட்டடம் நோயைக் குணமாக்கும் என்று சொல்லத் துணியவில்லை. போலி மருந்து சில நேரம் உண்மையாகவே வேலை செய்வதைப் போல, நல்ல இடத்துக்கும் ஒரு வலு உண்டு என்றுதான் வாதிட்டார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அது தெம்பு தரும் என்றார். இந்த இரண்டாவது காரணம் முதலாவதைவிடப் பலமானதாகவே படுகிறது.

கட்டடம் நன்றாக வேலை செய்ததன் முதல் அறிகுறி, அது போதாமல் போனது. 2001இல் மர்ஃபியே அதை விரிவுபடுத்தினார். 2018இல் மறுபடியும் விரிவுபடுத்தினார். பழங்கட்டடத்தின் அளவு ஒரு வரம், அதுவே தடையும்கூட. வீட்டைப் போல் இருக்க வேண்டுமென்றால் சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் வருபவர்களுக்கு இடம் போதாது. ஒவ்வொரு விரிவாக்கத்திலும் லாயம் கரைந்துவிடும் ஆபத்து இருந்தது. தோட்டம் சூழ்ந்த அந்த இடத்தில் புதுப் பகுதிகள் தாழ்ந்து, பழைய கல்லை முந்தாமல் நிற்பதற்கு அதே ஆள் மூன்று முறையும் வரைந்தது ஒரு முக்கியக் காரணம். பழங்கட்டடங்கள் பலவற்றைக் கெடுத்தது முதல் மாற்றம் அல்ல. பத்தாண்டு கழித்து வேறொருவர் வந்து, முதலாமவர் ஏன் இடைவெளி விட்டார் என்று தெரியாமல் அதை அடைத்த மூன்றாவது மாற்றம்.

லாயத்துக்குப் பின் வந்த கதை வேறு பாதையில் போனது. 2002இல் கிளாஸ்கோவில் இரண்டாவது இல்லம் திறந்தபோது அதுவும் பழைய கட்டடம்தான்: வெஸ்டர்ன் இன்ஃபர்மரி மருத்துவமனையை ஒட்டிய வாயிற்காவல் வீடு. பேஜ் அண்ட் பார்க் என்ற உள்ளூர் நிறுவனம் அதை மாற்றியமைத்தது. அடுத்த ஆண்டு டண்டீ நகரத்தில் ஃப்ராங்க் கெரி ஒன்றைக் கட்டினார். பிரிட்டனில் அவருடைய முதல் கட்டடம் அது. 2006இல் கர்கால்டியில் ஜாஹா ஹதீத். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ரிச்சர்ட் ரோஜர்ஸின் நிறுவனம் கட்டிய இல்லம் 2009இல் பிரிட்டனின் உயர்ந்த கட்டடக் கலை விருதான ஸ்டெர்லிங் பரிசை வென்றது. ஹாங்காங்கிலும் டோக்கியோவிலும் இல்லங்கள் எழுந்தன. ஜெங்க்ஸுக்குப் பெருங்கலைஞர்கள் பலர் நண்பர்கள். பெரிய பெயர் நன்கொடையை இழுத்தது. நன்கொடையில்லாமல் இந்த அமைப்பு ஒரு நாளும் ஓடாது. அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் மருத்துவமனை வளாகங்களில் சும்மா கிடக்கும் பழைய சலவைக்கூடம், காவல் வீடு, லாயம் ஆகியவற்றின் பக்கம் திரும்பும் பழக்கம் அதோடு குறைந்துவிட்டது. இது இழப்புதான். கெரியின் கூரையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நோயாளி வருவது மேசைக்கு. மேசை லாயத்திலிருந்து வந்தது.

பழமைக்குப் பக்கத்தில் புதியதை வைக்கும் கேள்வி 2017இல் லண்டனில் வேறு உருவில் வந்தது. செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் கிப்ஸ் எழுப்பிய மாளிகையை ஒட்டி ஸ்டீவன் ஹால் ஓர் இல்லத்தைக் கட்டினார். பழைய மாளிகைக்கு அது ஊறு என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நகராட்சி அனுமதி பெறுவதே பெரும்பாடாயிற்று. பராமரிப்பு என்ற சொல் எல்லாத் தடையையும் நீக்கிவிடும் சாவி அல்ல என்பதை அமைப்பு அங்கே கண்டது.

எடின்பரோ இல்லம் மருத்துவமனை நிலத்தில் இருந்தாலும் மருத்துவமனையின் பிரிவு அல்ல. தனி அறக்கட்டளை நன்கொடையில் நடத்துவது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் அங்கே கொடுப்பதில்லை. உளவியல் ஆலோசகரும் புற்றுநோய்ச் செவிலியரும் இருக்கிறார்கள். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதுவதில் துணைசெய்பவரும் இருக்கிறார். நோய் ஒரு குடும்பத்தின் வரும்படியையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதால் இந்தக் கடைசி ஆளைத் தேடி வருபவர்கள் குறைவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணிக்கு லாயத்தின் கதவு திறக்கிறது. மாலை ஐந்து வரை யாரும் உள்ளே வரலாம். முன்பதிவு வேண்டாம், கட்டணம் கிடையாது.